லினக்ஸ் கணினியில் எந்தக் கெர்னல் வைப்பது? டிஸ்ட்ரோ கெர்னல், எச்டபிள்யூஇ, சொந்தக் கட்டமைப்பு, லிப்ரே: ஓர் ஒப்பீடு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை வெளியிடும் கெர்னல் டாட் ஆர்க் தளத்தின் முகப்பைத் திறந்தால் ஒரே நேரத்தில் ஏழெட்டு லினக்ஸ் பதிப்புகள் வரிசையாக நிற்கும். மெயின்லைன் ஒன்று, ஸ்டேபிள் ஒன்று, லாங்டெர்ம் ஐந்தாறு. ஓடும் கெர்னலின் எண்ணைக் காட்டும் 'யுநேம் -ஆர்' கட்டளையை உங்கள் கணினியில் கொடுத்தால் வருவதோ பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஓர் எண். நம்முடையது பழசாகிவிட்டதா, மாற்ற வேண்டுமா என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

பதிப்பு எண்ணை வைத்து இதற்கு முடிவு கட்ட முடியாது. நாளை ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானால் அதற்கான பேட்சை, அதாவது திருத்தத்தை, உங்கள் கணினி வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கப் போவது யார் என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் வன்பொருளில் இப்போது வேலை செய்யாத பாகம் என்று பெயர் சொல்லிக் காட்ட ஏதாவது இருக்கிறதா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு 'இல்லை' என்பது பதிலானால் டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) கொடுத்த கெர்னலிலேயே இருந்துவிடுங்கள். 'ஆம்' என்பவர்களுக்கும், கட்டற்ற மென்பொருள் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கும்தான் இனி வருவது. எடுத்துக்காட்டுகள் டெபியனையும் உபுண்டுவையும் சுற்றியே இருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான் என்பதால் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கெர்னலை மட்டும் மாற்ற முடிவது ஏன்

இயங்குதளத்தில் கெர்னலின் வேலை மூன்று நான்கில் அடங்கிவிடும். வன்பொருளோடு பேசுவது, நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் நிரல்களுக்குப் பங்கிடுவது, கோப்பு முறைமை, நெட்வொர்க், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதி. பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் கெர்னலின் உள்ளே நடப்பதைப் பார்ப்பதே இல்லை. சிஸ்டம் கால் என்ற வாசல் வழியாகக் கேட்கின்றன, பதில் வாங்கிக்கொள்கின்றன. அந்த வாசலை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பம் முதலே பிடிவாதமாக இருக்கிறார். நேற்று ஓடிய நிரல் புதிய கெர்னலில் ஓடவில்லை என்றால் தவறு கெர்னலுடையது, அந்த மாற்றம் திரும்பப் பெறப்படும். மூன்று வருடப் பழைய டெபியனின் மேல் போன மாதக் கெர்னலைப் போட்டாலும் கணினி ஓடுவது இதனால்தான்.

இந்த உத்தரவாதம் வெளியே இருக்கும் நிரல்களுக்கு மட்டும். கெர்னலுக்கு உள்ளே ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும் முறைகள் எந்தப் பதிப்பிலும் மாறலாம், மாறிக்கொண்டும் இருக்கின்றன. கெர்னல் மூலநிரலில் சேராமல் வெளியிலிருந்து கட்டப்படும் மாட்யூல்கள் (கெர்னலில் தேவைக்கேற்ப ஏற்றும் துண்டு நிரல்கள்) உடைவது இங்கேதான். என்விடியாவின் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, யூஎஸ்பி வைஃபை துண்டுகளுக்காகக் கிட்ஹப்பிலிருந்து எடுத்துப் போட்ட ரியல்டெக் டிரைவர்கள் எல்லாம் இந்த வகை. கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி இவற்றைப் புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும். அது தோற்றால் அடுத்த பூட்டில் திரையோ வைஃபையோ இருக்காது. ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். பட்டியல் காலி என்றால் கெர்னலை மாற்றுவதில் உள்ள ஆபத்தில் பாதி கழிந்தது.

எண்கள் எப்படி வருகின்றன

புதியவை முதலில் சேரும் மூல வரிசைதான் மெயின்லைன்; ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு அதில் ஒரு வெளியீடு. முதல் இரண்டு வாரம் புதிய நிரல்வரிகளைச் சேர்க்கும் காலம். பிறகு முன்னோட்ட வெளியீடுகளாக ஆர்சி-1, ஆர்சி-2 என்று ஆர்சி-7 அல்லது 8 வரை வாரம் ஒன்றாகப் பிழை திருத்தம். வெளியானதும் அது ஸ்டேபிள் வரிசைக்குப் போகும். கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் அதற்குப் பேட்ச் சேர்த்து 6.12.1, 6.12.2 என்று வெளியிடுவார்கள். அடுத்த பதிப்பு வந்த சில வாரங்களில் பழைய ஸ்டேபிளுக்குப் பேட்ச் நின்றுவிடும்.

வருடத்துக்கு ஒன்றை மட்டும், வழக்கமாக வருடக் கடைசியில் வருவதை, லாங்டெர்ம் என்று அறிவிப்பார்கள். 2022 டிசம்பரில் வந்த 6.1, 2023 அக்டோபரில் வந்த 6.6, 2024 நவம்பரில் வந்த 6.12 எல்லாம் அப்படிப்பட்டவை. ஒரு காலத்தில் ஆறு வருடம் பேட்ச் கொடுத்தார்கள். பராமரிப்பவர்களுக்குத் தாங்கவில்லை என்பதால் இனி இரண்டு வருடம்தான் என்று 2023இல் குறைத்தார்கள். தேவை தெரிந்தால் நீட்டிப்பதும் உண்டு. இடதுபக்க எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. 5.19க்கு அடுத்தது 6.0 ஆனதற்கு, கைவிரலும் கால்விரலும் எண்ணித் தீர்ந்துவிட்டது என்பதுதான் டோர்வால்ட்ஸ் சொன்ன காரணம்.

டிஸ்ட்ரோ கொடுக்கும் கெர்னல்

டெபியன் 12இல் 6.1, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 6.12. இரண்டும் லாங்டெர்ம் வரிசை, அதனால் கெர்னல் டாட் ஆர்க்கில் வரும் திருத்தங்களே கொஞ்ச நாளில் டெபியனுக்கும் வந்துவிடும். உபுண்டு 24.04இன் 6.8 அப்படியில்லை. அது லாங்டெர்மும் அல்ல, மேலிடத்தில் (கெர்னல் டாட் ஆர்க்கில்) எப்போதோ காலாவதியானது. உபுண்டுவின் நிறுவனமான கனோனிக்கலின் கெர்னல் குழுவே பேட்சுகளைப் பொறுக்கிச் சேர்த்து 2029 வரை ஓட்டுகிறது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 இன்னும் ஒரு படி மேலே போகும். எண் 5.14 என்று காட்டும், உள்ளே பல வருடத்துப் புதிய டிரைவர்கள் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். இந்த மூன்றையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

பழைய எண் என்றால் ஓட்டை அதிகம் என்ற எண்ணமும் சரியல்ல. 2022 மார்ச்சில் வெளியான டர்ட்டி பைப் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது, அதிலிருந்து ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆவது சில நொடி வேலை. அந்தப் பிழை சுரண்டத்தக்கதாக ஆனது 5.8 பதிப்பில். 4.19 வைத்திருந்த டெபியன் 10க்குப் பாதிப்பே இல்லை, 5.10 வைத்திருந்த டெபியன் 11தான் அவசரமாகப் பேட்ச் வாங்கியது. புதிய நிரல்வரிகளோடு புதிய பிழைகளும் வரும். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழுவே பாதுகாப்பு ஓட்டைகளின் அடையாளமான சிவிஇ எண்ணை வழங்கும் பொறுப்பை ஏற்றதிலிருந்து திருத்தங்களில் பெரும்பங்குக்கு எண் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு லினக்ஸ் திடீரென்று ஓட்டையாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. எண்ணும் முறைதான் மாறியிருக்கிறது.

நிலையான வரிசை என்றால் தவறே வராது என்றும் இல்லை. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவரவிருந்த நாளில் நடந்தது நல்ல பாடம். அதில் இருந்த 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தரவைச் சிதைக்கக்கூடும் என்று தெரியவந்தது. டைரக்ட் ஐஓ முறையில் எழுதும்போது கோப்பின் அளவைச் சரியாகப் பதிவதற்கான ஒரு திருத்தம் மெயின்லைனிலிருந்து 6.1க்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. அது சரியாக ஓட வேறொரு திருத்தம் முன்பே இருந்தாக வேண்டும், அது 6.1இல் இல்லை. மெயின்லைனில் இரண்டும் இருந்ததால் அங்கே பிழையில்லை. டெபியன் 12.3ஐ அப்படியே நிறுத்திவிட்டு, மறுநாளே 6.1.66ஓடு 12.4ஐ வெளியிட்டார்கள். அந்த 6.1.66இல் வைஃபையில் சிலருக்குச் சிக்கல் வர, 6.1.67 தேவைப்பட்டது. பின்னோக்கிச் சேர்க்கும் வேலையின் சிக்கல் இதுதான். பேட்ச் தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும், அதைத் தாங்கும் சுற்றுப்புறம் பழைய மரத்தில் இருக்காது. அதே நேரம், டிஸ்ட்ரோவின் ஆட்கள் அதை ஒரே நாளில் கண்டு நிறுத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள். சொந்தமாகக் கட்டுபவருக்கு அந்தக் காவல் இல்லை.

டிஸ்ட்ரோ கெர்னல் கைவிடும் இடம் புதிய மடிக்கணினி. இன்டெல்லின் பிஇ200 வைஃபை 7 அட்டைக்கு 6.5 அல்லது அதற்கு மேல் வேண்டும். டெபியன் 12இன் 6.1 அதைக் கண்டுகொள்ளாது. மீட்டியோர் லேக் செயலியின் கிராஃபிக்ஸ் 6.7இலிருந்துதான் தானாக இயங்கும், லூனார் லேக் 6.12இலிருந்து. உங்களுக்கு இந்தச் சிக்கல் உண்டா என்று அறிய 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கொடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் கீழும் எந்த டிரைவர் இயங்குகிறது என்று ஒரு வரி வரும். வைஃபைக்கோ கிராஃபிக்ஸுக்கோ அந்த வரி இல்லையென்றால், சதுர அடைப்புக்குள் இருக்கும் எண் ஜோடியை எடுத்துத் தேடுங்கள். முதல் பாதி 8086 என்றால் இன்டெல். அந்த எண் எந்தக் கெர்னலில் முதலில் சேர்ந்தது என்பதே உங்களுக்குத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பு. அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

டிரைவர் வரி இருந்தும் பாகம் வேலை செய்யவில்லையா? கெர்னலை மாற்றுவதற்கு முன் கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' பதிவில் ஃபர்ம்வேர் (பாகத்துக்குள் ஏற்றப்பட்டு ஓடும் நிரல்) என்ற சொல்லைத் தேடுங்கள். கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பிழை கெர்னலில் இல்லை, ஃபர்ம்வேர் பேக்கேஜில். கெர்னல் பழசு என்று புலம்புபவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த ஒரு பேக்கேஜ்தான்.

எச்டபிள்யூஇயும் பேக்போர்ட்ஸும்

புதிய வன்பொருள்தான் காரணம் என்று உறுதியானால் முதலில் போக வேண்டிய இடம் இது. டிஸ்ட்ரோவே கட்டி, கையெழுத்திட்டு, புதுப்பித்துத் தரும் புதிய கெர்னல். உபுண்டுவில் இதன் பெயர் எச்டபிள்யூஇ (ஹார்ட்வேர் எனேபிள்மென்ட்), டெபியனில் பேக்போர்ட்ஸ்.

உபுண்டு 24.04இல் இரண்டு தடங்கள். முதல் வெளியீட்டோடு வந்த ஜிஏ தடம் கடைசி வரை 6.8. எச்டபிள்யூஇ தடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடுத்த உபுண்டுவின் கெர்னலுக்குத் தாவும். 24.04.2இல் 6.11 வந்தது, 24.04.3இல் 6.14. அடுத்த எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பின் கெர்னல் வந்ததும் அதில் நின்றுவிடும். 22.04இன் எச்டபிள்யூஇ அப்படித்தான் 6.8இல் நின்றது. டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவியவர்கள் தெரியாமலேயே எச்டபிள்யூஇ தடத்தில் இருப்பார்கள். சர்வர் நிறுவியில் கேட்காதவரை ஜிஏ. மாற 'லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04' என்ற ஒரே பேக்கேஜ் போதும்.

இந்தத் தடத்தின் விலை அந்தத் தாவல். 6.11க்கு ஆதரவு முடிந்ததும் 6.14க்குப் போயே ஆக வேண்டும், அங்கேயே இருக்கிறேன் என்றால் பாதுகாப்புப் பேட்ச் வராது. டிகேஎம்எஸ் பட்டியலில் ஏதாவது வைத்திருப்பவர்களுக்கு இந்த நாளில்தான் தலைவலி. என்விடியாவைப் பொறுத்தவரை என்விடியா தளத்தின் ரன் கோப்பைத் தவிர்த்துவிட்டு உபுண்டு தரும் டிரைவர் பேக்கேஜையே வையுங்கள். கெர்னலுக்கு ஏற்றபடி முன்பே கட்டிக் கையெழுத்திட்ட மாட்யூலும் அதோடு கிடைக்கும், கம்பைல் செய்யும் வேலையே இருக்காது.

டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தை மூலப் பட்டியலில் சேர்த்து, நிறுவும்போது '-டி' கொடியோடு அதன் பெயரையும் கொடுக்க வேண்டும். பலர் 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' மட்டும் நிறுவிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மூன்று பேக்கேஜ்கள் சேர்ந்து வர வேண்டும்: இமேஜ், அதே பதிப்பின் ஹெட்டர்ஸ், உங்கள் வன்பொருளுக்கான ஃபர்ம்வேர். ஹெட்டர்ஸ் இல்லாவிட்டால் டிகேஎம்எஸ் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் ஏஎம்டி கிராஃபிக்ஸில் திரை கருத்து நிற்கும். கெர்னல் புதிய கோப்பைக் கேட்கும், டிஸ்கில் அது இருக்காது. நிறுவும்போதே 'பாஸிபிள் மிஸ்ஸிங் ஃபர்ம்வேர்' என்று எச்சரிக்கை ஓடியிருக்கும். அதில் உங்களிடம் இல்லாத வன்பொருளுக்கானவையும் கலந்து வருவதால் யாரும் படிப்பதில்லை. உங்கள் செயலியின், அட்டையின் பெயர் அதில் உண்டா என்று மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்போர்ட்ஸுக்கு டெபியன் பாதுகாப்புக் குழுவின் பொறுப்பு கிடையாது. கெர்னல் பராமரிப்பாளர்கள் அவ்வப்போது ஏற்றிவைக்கிறார்கள், பெரும்பாலும் சில நாள் தாமதத்தில். வீட்டு மடிக்கணினிக்குப் போதும். வெளியுலகுக்குத் திறந்திருக்கும் சர்வருக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கிராஃபிக்ஸுக்காக மாறுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கெர்னல் பாதிதான், கிராஃபிக்ஸ் நிரல்களுக்கான மீசா நூலகமும் அந்த அட்டையை அறிந்திருக்க வேண்டும். உபுண்டு மீசாவையும் இடையிடையே ஏற்றிக்கொடுக்கிறது. டெபியன் ஸ்டேபிளில் அதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

சொந்தமாகக் கட்டுவது

கெர்னல் ஜிபிஎல் 2 உரிமத்தில் இருப்பதால் யாரும் எடுத்து மாற்றிக் கட்டலாம். கட்டுவது கடினமும் அல்ல. கட்டிய பிறகு வாரா வாரம் வரும் ஸ்டேபிள் வெளியீட்டை யார் பார்த்து, மறுபடி கட்டி, நிறுவுவது என்பதுதான் கடினம். அந்த வேலைக்கு ஆள் நீங்கள்தான். மூன்று மாதம் மறந்துவிட்டால் டிஸ்ட்ரோவின் பழைய எண்ணைவிட மோசமான நிலையில் இருப்பீர்கள்.

இதற்கு நியாயமான காரணங்கள் மூன்று: டிஸ்ட்ரோ கட்டாத ஒரு விருப்பத் தேர்வு வேண்டும், சிறு போர்டு ஒன்றுக்கான பேட்சைச் சேர்க்க வேண்டும், புதிய பதிப்பில் வந்த பிழையை எந்த மாற்றம் கொண்டுவந்தது என்று தேட வேண்டும். கடைசியதற்கு, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் அருமையான கருவி. அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு முறை கட்டிச் சோதித்தால் குற்றவாளி கிடைத்துவிடும். வேகம் கூடும் என்ற காரணத்துக்காகக் கட்டுவது வீண். தேவையற்ற டிரைவர்களை நீக்குவதால் கட்டும் நேரம் குறையும், ஓடும் வேகம் கூடாது. ஏற்றப்படாத மாட்யூல் டிஸ்கில்தான் கிடக்கிறது, நினைவகத்தைத் தொடுவதில்லை.

முறை இப்படி. பில்ட்-எசென்ஷியல், பிசி, பைசன், ஃபிளெக்ஸ், ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் எல்ஃபுக்கும் உரிய டெவ் பேக்கேஜ்கள், டெப்ஹெல்பர், ஆர்சிங்க், ட்வார்வ்ஸ் ஆகியவற்றை நிறுவுங்கள். சுருக்கிய மூலநிரல் 140 எம்பிக்குச் சற்று மேலே, விரித்தால் ஒன்றரை ஜிபி அளவு. பூட் அடைவில் இருக்கும் தற்போதைய கெர்னலின் கான்ஃபிக் கோப்பை (கட்டும் தேர்வுகளின் பட்டியல்) மூலநிரல் அடைவுக்குள் '.கான்ஃபிக்' என்ற பெயரில் பிரதியெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்தால் புதிய கேள்விகளுக்குத் தானே இயல்பு விடை போட்டுக்கொள்ளும். பிறகு 'மேக் பின்டெப்-பிகேஜி', கூடவே '-ஜே' கொடியில் உங்கள் செயலியின் கோர் எண்ணிக்கை. முடிவில் மேல் அடைவில் டெப் கோப்புகள் இருக்கும்.

உபுண்டுவின் கான்ஃபிக்கை எடுத்தவர்கள் பெரும்பாலும் முதல் சில நிமிடத்திலேயே நிற்பார்கள். கனோனிக்கலின் சான்றிதழ் கோப்பைக் காணோம் என்று மேக் சொல்லும். 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்' என்ற இரண்டு வரிகளில் உள்ள கோப்புப் பெயரை அழித்து வெற்று மேற்கோளாக்கினால் சரியாகும். அடுத்த பொறி, பிழை தேடலுக்கான டீபக் தகவல். டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் அது திறந்திருக்கும், அப்படியே கட்டினால் 20 ஜிபிக்கு மேல் இடம் விழுங்கி டிஸ்க் நிறைந்து நிற்கும். 'டீபக் இன்ஃபோ நன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடமும் நேரமும் பெருமளவு மிச்சம்.

நேரத்தைக் குறைக்க 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' உதவும். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். பழைய மடிக்கணினியில் மணிக்கணக்கில் ஓடுவது இதனால் வெகுவாகச் சுருங்கும். 'இப்போது' என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. கட்டும் நேரத்தில் பென் டிரைவ் செருகியிருக்காவிட்டால் யூஎஸ்பி சேமிப்பக மாட்யூல் போய்விடும். மொபைல் டெதரிங், பிரிண்டர், விபிஎன், எக்ஸ்ஃபேட் எல்லாம் அப்படியே. உங்களிடம் உள்ள அத்தனையையும் ஒருமுறை செருகிப் பயன்படுத்திவிட்டு அந்தக் கட்டளையைக் கொடுங்கள்.

கையெழுத்துள்ள கெர்னலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இப்படிக் கட்டியது பூட் ஆகாது. 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று, கெர்னலை ஏற்றும் பூட் மெனு நிரலான கிரப் மறுத்துவிடும். 'மோக்யூட்டில்' கொண்டு உங்கள் சாவியைப் பதிவு செய்து, மறுபூட்டில் வரும் நீலத் திரையில் கடவுச்சொல் கொடுத்து ஏற்றுக்கொள்ளச் செய்து, கெர்னல் இமேஜில் அந்தச் சாவியால் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு முறை கட்டும்போதும் கையெழுத்து உண்டு. செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபம்தான். ஆனால் விண்டோஸோடு பிட்லாக்கர் மறைகுறியாக்கம் வைத்திருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்யட்டும்.

கனோனிக்கல் வெளியிடும் மெயின்லைன் டெப் கோப்புகளை எடுத்துப் போடும் குறுக்குவழியும் உண்டு. அவை கையெழுத்திடப்படாதவை, புதுப்பிப்பும் தானாக வராது. ஒரு பிழை மேலிடத்தில் தீர்ந்துவிட்டதா என்று ஒரு மணி நேரம் பூட் செய்து பார்க்க மட்டும் சரி.

லினக்ஸ்-லிப்ரே

இங்கே கேள்வி சுதந்திரம். லினக்ஸின் மூலநிரல் கட்டற்றது. ஆனால் அது இயக்கும் வைஃபை, கிராஃபிக்ஸ் அட்டைகளில் பலவற்றுக்கு மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேரை கெர்னலே ஏற்றிக்கொடுக்க வேண்டும். 4.14 முதல் அந்தக் கோப்புகள் கெர்னல் மரத்தில் இல்லை, தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. இருந்தாலும் அவற்றைக் கேட்கும் வரிகள் டிரைவர்களுக்குள் உண்டு. லத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஒவ்வொரு வெளியீட்டையும் ஸ்கிரிப்ட் கொண்டு சுத்தம் செய்து, அந்த வேண்டுகோளையும் நீக்கி வெளியிடுவதுதான் லினக்ஸ்-லிப்ரே. டிரிஸ்குவல், கீக்ஸ், பாராபோலா ஆகியவற்றில் அதுதான் இயல்புக் கெர்னல். டெபியன் குடும்பத்துக்கு ஃப்ரீஷ் என்ற களஞ்சியத்தில் டெப் பேக்கேஜாகக் கிடைக்கும்.

நடைமுறையில் என்ன இழப்பீர்கள்? இன்டெல் வைஃபை அட்டைகள் ஓடாது, ரியல்டெக்கின் பெரும்பகுதி ஓடாது. ஏஎம்டியின் இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைகளில் முடுக்கம் கிடைக்காது, திரை அடிப்படை நிலையில் ஊர்ந்து ஓடும். பழைய இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸ் நன்றாகவே ஓடும். வைஃபைக்கு ஏத்தெரோஸின் ஏத்9கே குடும்ப அட்டைகள் ஃபர்ம்வேரே கேட்காதவை. யூஎஸ்பியில் ஏஆர்9271 சிப் உள்ள துண்டுக்கு மூலநிரலோடு கூடிய ஃபர்ம்வேர் உண்டு. இரண்டும் வைஃபை 4 காலத்தவை, வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள மாடல் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் சிப்பை மாற்றி விற்பது இந்தச் சந்தையில் சாதாரணம், சிப் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

யோசிக்க வேண்டிய பகுதி, செயலிக்குள்ளேயே ஓடும் நிரலான மைக்ரோகோட். செயலியிலேயே இருக்கும் ஸ்பெக்டர் வகை ஓட்டைகளுக்கான திருத்தத்தில் ஒரு பகுதி மைக்ரோகோடாகத்தான் வருகிறது. அதுவும் மூலநிரல் இல்லாதது என்பதால் லிப்ரே பாதையில் கெர்னல் வழியாக வராது. பயாஸ் புதுப்பிப்பில் வந்தால் உண்டு. செயலிக்குள் ஏற்கெனவே இருக்கும் மைக்ரோகோடும் மூடியதுதான் எனும்போது அதன் திருத்தப்பட்ட பதிப்பை மறுப்பதால் கிடைக்கும் சுதந்திரம் எவ்வளவு என்று எங்களுக்குக் கேள்வி உண்டு. கொள்கையோடு இருப்பவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

இடைவழி ஒன்று இருக்கிறது. டெபியன் தன் கெர்னலிலிருந்து மூடிய ஃபர்ம்வேரை டெபியன் 6.0 பதிப்பிலேயே வெளியேற்றிவிட்டது. டெபியன் 12இலிருந்து நிறுவியே அவற்றைத் தனிப் பிரிவிலிருந்து தானாகச் சேர்க்கிறது. 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற அந்தப் பிரிவை மூலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, நிறுவப்பட்டவற்றையும் நீக்கினால், டெபியன் பாதுகாப்புக் குழுவின் புதுப்பிப்பை இழக்காமலேயே ஏறக்குறைய லிப்ரேயின் நிலைக்கு வந்துவிடலாம். கெர்னல் கோப்பைக் கேட்கும், கிடைக்காது, அவ்வளவுதான். மைக்ரோகோட் ஒன்றை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்வதும் உங்கள் கையில். கட்டற்ற கணினி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆர்டி கெர்னலும் லினக்ஸ் அல்லாதவையும்

நிகழ்நேர இயக்கத்துக்கான பிரிஎம்ப்ட்-ஆர்டி, இருபது வருடம் வெளியே பேட்சாக இருந்துவிட்டு 6.12இல் மெயின்லைனுக்குள் வந்தது. டெபியனில் ஆர்டி இமேஜ் தனிப் பேக்கேஜ், உபுண்டுவில் புரோ சந்தா வேண்டும். இயந்திரக் கட்டுப்பாட்டுக்கு அவசியம். வீட்டில் இசைப்பதிவு செய்பவருக்கு வழக்கமான கெர்னலில் 'பிரிஎம்ப்ட்=ஃபுல்', 'த்ரெட்ஐஆர்க்யூஸ்' என்ற இரண்டு பூட் விருப்பங்களே பெரும்பாலும் போதும். என்விடியாவின் டிரைவர் ஆர்டி கெர்னலில் நிறுவவே மறுக்கும்.

குனூ திட்டம் 1990இல் தொடங்கிய ஹர்ட் கெர்னல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2025இல் டெபியன் அதற்கு 64 பிட் பதிப்பும் வெளியிட்டது. மெய்நிகர் கணினியில் போட்டு, டிரைவரும் கோப்பு முறைமையும் சாதாரண நிரலாக ஓடுவதைப் பார்த்துக் கற்க நல்லது. அன்றாட வேலைக்கு லினக்ஸுக்கு மாற்று என்று கருத வேண்டாம்.

மாற்றும் நாளில்

எந்த வழியானாலும் பழைய கெர்னலில் ஒன்றையாவது விட்டுவையுங்கள். புதியது நிற்கவில்லை என்றால் கிரப்பில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று பழையதில் பூட் செய்யலாம். மெனு தெரியாவிட்டால் பூட் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பூட் பகுதியின் இடத்தில். டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்குப் பூட் தனிப் பகுதியாக, பழைய நிறுவல்களில் 500 எம்பி அளவில்தான் இருக்கும். ஒவ்வொரு கெர்னலும், பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் தன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்போடு வருகிறது. கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர் சேர்ந்தால் அது ஒன்றே நூறு எம்பியை நெருங்கும், தாண்டவும் செய்யும். மூன்றாவது கெர்னல் வரும்போது இடம் தீர்ந்து, கோப்பு பாதியில் நிற்கும், பேக்கேஜ்களை நிறுவும் ஏப்டி பிழை காட்டும். அதைப் பார்க்காமல் மறுபூட் செய்தால் 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)' என்ற பேனிக் திரை. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து புதிதாக நிறுவியவர்கள் உண்டு. அந்த அடைப்புக்குள் இரண்டு பூஜ்யம் இருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லை அல்லது அரைகுறை என்றுதான் பெரும்பாலும் பொருள். பழைய கெர்னலில் பூட் செய்து, இப்போது ஓடாத கெர்னல் ஒன்றை ஏப்டி மூலம் நீக்கி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' கொடுத்தால் மீண்டுவிடும். பூட் அடைவிலிருந்து கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள், ஏப்டியின் கணக்கு குழம்பும்.

நன்றாக ஓடுகிறதே என்று கெர்னல் பேக்கேஜை 'ஏப்டி-மார்க் ஹோல்டு' போட்டு நிறுத்திவைப்பதும் பரவலான பழக்கம். ஒரு குறிப்பிட்ட பிழை திருந்தும் வரை ஒரு வாரம் வைக்கலாம். மறந்துவிட்டால் பாதுகாப்புப் பேட்சும் சேர்ந்து நிற்கும். 'ஏப்டி-மார்க் ஷோஹோல்டு' கொடுத்து இப்போதே பாருங்கள், பழையது ஏதாவது மாட்டியிருக்கலாம்.

புதிய கெர்னல் நிறுவப்பட்டதாலேயே ஓடத் தொடங்கிவிடாது. மாதக்கணக்கில் அணைக்காத சர்வரில் எல்லாப் புதுப்பிப்பும் வந்திருக்கும், ஓடுவதோ பழைய கெர்னல். 'யுநேம் -ஆர்' காட்டுவதையும் பூட் அடைவில் உள்ள மிகப் புதிய எண்ணையும் ஒப்பிடுங்கள். உபுண்டுவில் வார் ரன் அடைவில் 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற கோப்பு இருந்தாலே மறுபூட் பாக்கி என்று பொருள். மறுபூட் இல்லாமலே பேட்ச் போடும் லைவ்பேட்ச் சந்தா வைத்திருந்தாலும் அது அவசரமான ஓட்டைகளை மட்டுமே அடைக்கும், ஆகவே மாதம் ஒருமுறை மறுபூட்டுக்கு நேரம் ஒதுக்கிவிடுங்கள்.